6 வயது வரை ஆபரேஷன் இலவசம்... ஆனால் மூளை அதுவரை காத்திருக்குமா? காது கேளாமை குறித்து அனு சர்மாவின் ஆய்வு சொல்வது என்ன?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலைக்கு ஏறும் பாதையில் வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர்கள் விரியும். அவற்றைச் சுற்றி ஏராளமான சின்னச் சின்ன குக்கிராமங்கள். அப்படி ஒரு ஊரில் இன்றைக்கு ஒரு குழந்தை பிறக்கிறது, அதற்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு எப்போது தெரியவரும்?

பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல். "இன்னும் பேச்சு வரல" என்ற கவலையில்தான் முதல் சந்தேகமே வரும். அதற்கும் பாட்டியிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடு". அப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும். பிறகு பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, டெஸ்ட் எடுத்து, "காது கேட்கலம்மா, ஆபரேஷன் பண்ணலாம்" என்று டாக்டர் சொல்லும்போது குழந்தைக்கு நாலு, நாலரை வயது ஆகியிருக்கும்.

"6 வயசு வரைக்கும் காப்பீட்டுல இலவசம்தானே, இன்னும் டைம் இருக்கே" என்று பெற்றோர் ஆறுதல் அடையலாம். அப்படி ஆறுதல் அடைய முடியாது என்பதைத்தான் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அனு சர்மாவின் ஆய்வுகள் சொல்கின்றன. காப்பீட்டு அட்டை சொல்லும் வயது வேறு, மூளை சொல்லும் வயது வேறு. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அவருடைய வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

காது கேட்பது காதிலா... மூளையிலா?

ஒலி காதுக்குள் நுழைந்து செவிப்பறையை அதிர வைக்கிறது. அந்த அதிர்வு மூன்று குட்டி எலும்புகள் வழியாக உட்காதில் இருக்கும் காக்ளியா என்ற நத்தை வடிவ உறுப்புக்குப் போகிறது. அங்கே ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்முடிச் செல்கள் இருக்கின்றன. அவைதான் அதிர்வை மின் சிக்னலாக மாற்றி, செவி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. காக்ளியாவின் அடிப்பகுதி கீச்சுக் குரலுக்கு, நுனிப்பகுதி தடித்த குரலுக்கு. எந்த ஒலி எங்கே பதிகிறது என்பதை விளக்கியதற்காக ஜார்ஜ் வான் பெக்கசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊர்களில் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பழுது இந்த நுண்முடிச் செல் அளவில்தான். ஒருமுறை போனால் அவை மறுபடி முளைப்பதில்லை.

இதுவரை பார்த்தது காதின் கதை. செவி நரம்பியல் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி இதற்கு அடுத்தது. சிக்னலே வராமல் இரண்டு, மூன்று, ஐந்து வருஷம் சும்மா கிடக்கும் மூளையின் 'கேட்கும் பகுதி'க்கு என்ன ஆகிறது? அது காலியாகவே காத்திருக்குமா? பின்னாளில் சிக்னல் வந்தால் பழைய மாதிரி வேலையைத் தொடங்குமா?

யார் இந்த அனு சர்மா?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், மூளை ஒலியை எப்படிப் பதிவு செய்கிறது என்ற ஆய்வில் பெயர்பெற்ற நினா கிராஸின் குழுவில் 1990-களில் ஆய்வுகளைத் தொடங்கியவர் அனு சர்மா. பேச்சு ஒலிகளுக்கு மூளை தரும் மின் எதிர்வினைதான் அப்போது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். சாதாரணமாகக் காது கேட்கும் குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இந்த எதிர்வினை எப்படி மாறுகிறது என்பதை அந்தக் குழு 1997-ல் வெளியிட்டது. பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம், அங்கிருந்து கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டோர்மன் அவருடைய முக்கியமான ஆய்வுகளில் கூட இருந்தவர்.

ஆராய்ச்சி வாழ்க்கை என்றதும் பெரிய மெஷின்கள், ரகசிய லேப் என்று கற்பனை ஓடலாம். அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. குழந்தை வசதியாக உட்கார்ந்து சத்தமில்லாமல் ஓடும் கார்ட்டூன் பார்க்கும். தலையில் சில எலக்ட்ரோடுகள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரில் 'பா... பா... பா...' என்று ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். குழந்தை கை தூக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். ஒலி வந்த பிறகு எத்தனை மில்லி செகண்டில் மூளையின் மேல்தளத்தில் முதல் மின் அலை எழுகிறது என்பதை கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். இந்த அலைக்குப் பெயர் 'பி1'.

பிறந்த குழந்தைக்கு இந்த பி1 அலை வர சுமார் 300 மில்லி செகண்ட் ஆகும். இரண்டு, மூன்று வயதுக்குள் அது மளமளவென்று குறைந்து 125 மில்லி செகண்ட் அளவுக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கு 60-ஐ ஒட்டி இருக்கும். தினமும் அம்மாவின் குரல், ஆட்டின் கத்தல், டிவி சத்தம் என்று கேட்டுக் கேட்டுத்தான் மூளையின் பாதைகள் இப்படிச் சீராகின்றன. ஆகவே பி1 நேரத்தைப் பார்த்தால் ஒரு குழந்தையின் 'கேட்கும் மூளை'க்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். பேசத் தெரியாத, சொல்வதைப் புரிந்துகொள்ளாத குழந்தையிடமும் இந்த அளவை எடுக்க முடியும். அதுதான் இதன் பலம்.

2002-ல் வெளியான அந்த முடிவு

பிறவியிலேயே காது கேளாத, காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய 104 குழந்தைகளை சர்மாவும் டோர்மனும் ஆண்டனி ஸ்பாரும் சோதித்தார்கள். அவர்களில் ஒன்றேகால் வயதில் கருவி பொருத்திய குழந்தையும் உண்டு, பதினேழு வயதில் பொருத்தியவரும் உண்டு.

முடிவு இதுதான். ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகளுக்கு, கருவியை ஆன் செய்த ஆறே மாதத்தில் பி1 அலை அவர்கள் வயதுக்குரிய அளவுக்கு வந்துவிட்டது. அத்தனை மாதம் சத்தமே தெரியாமல் இருந்த மூளை, ஆறு மாதத்தில் சக வயதுக் குழந்தைகளை எட்டிப் பிடித்துவிட்டது! ஆனால் ஏழு வயதுக்கு மேல் பொருத்தியவர்களிடம் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. வருஷக்கணக்கில் கருவியைப் பயன்படுத்திய பிறகும் அலை தாமதமாகவே இருந்தது, வடிவமும் மாறியிருந்தது. மூன்றரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்டவர்கள் நடுவில் இருந்தார்கள். சிலருக்கு நல்ல முன்னேற்றம், சிலருக்கு இல்லை.

இந்த நடுப்பகுதியைத்தான் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். மூன்றரை வயது முடிந்த மறுநாள் கதவு பூட்டிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒவ்வொரு மாதமும் முடிவு அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததாக மாறுகிறது. நாலரை வயதில் கருவி பொருத்தி நன்றாகப் பேசும் குழந்தைகள் உண்டு. அதே வயதில் பொருத்தி, சத்தம் கேட்டும் சொல் பிரியாமல் திணறும் குழந்தைகளும் உண்டு.

காலி வீட்டில் குடியேறும் கண்

மூளையில் ஏன் இப்படி ஒரு கெடு? ஜெர்மனியில் ஆண்ட்ரே க்ரால், பிறவியிலேயே காது கேளாத வெள்ளைப் பூனைகளுக்குக் கருவி பொருத்தி ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். கேட்கும் பகுதியின் அடுக்குகளுக்கு இடையிலான தொடர்பு, உரிய காலத்தில் ஒலி வராவிட்டால் சரியாக உருவாவதில்லை. சிக்னல் வாசல் வரை வந்தாலும் மேல் மாடிக்குப் போக படிக்கட்டு இருக்காது.

இன்னொரு பக்கம், மூளை எந்த இடத்தையும் சும்மா விடுவதில்லை. பயன்படாமல் கிடக்கும் கேட்கும் பகுதியைப் பார்வையும் தொடுவுணர்வும் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கின்றன. யாரும் இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் சாமான் வைப்பது போல. பிறகு சொந்தக்காரர் வந்தாலும் காலி செய்வது சுலபமில்லை. இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளில் பேச்சு புரியாமல் திணறுகிறவர்களிடம் இப்படிப்பட்ட ஆக்கிரமிப்பு அதிகமாகத் தெரிகிறது என்பதை சர்மாவின் குழு அடுத்தடுத்த ஆய்வுகளில் காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கண் குடியேறிவிடும், அதனால் குழந்தைக்குச் சைகை மொழியே காட்டாதீர்கள்' என்று சிலர் இந்த ஆய்வை வைத்துச் சொல்வது உண்டு. அது ஆய்வு சொல்லும் அளவைத் தாண்டிய வாதம். கேட்காத மூளை பார்வையை அதிகம் நம்புவது காது கேளாமையின் விளைவு. குழந்தையிடம் கையசைத்துப் பேசியதால் வந்த கெடுதல் என்று அதைச் சொல்ல முடியாது.

காக்ளியர் இம்ப்ளான்ட் எப்படி வேலை செய்யுது?

சாதாரண ஹியரிங் எய்டு சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். நுண்முடிச் செல்களே இல்லாதபோது சத்தத்தைப் பெரிதாக்கி என்ன பயன்? காக்ளியர் இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டிப் போகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதியில் மைக்கும் ஸ்பீச் ப்ராசஸரும் இருக்கும். அது ஒலியை மின் குறிகளாக மாற்றி, தோலுக்கு அடியில் வைத்த கருவிக்கு அனுப்பும். அதிலிருந்து காக்ளியாவுக்குள் போகும் மெல்லிய எலக்ட்ரோடு கம்பி செவி நரம்பை நேரடியாகத் தூண்டும்.

இந்தக் கருவியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க். அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார், காது சரியாகக் கேட்காது. கடையில் அப்பா பட்ட சங்கடத்தைப் பார்த்து வளர்ந்தவர் மகன். சுருண்டு போகும் காக்ளியாவுக்குள் கம்பியைச் சேதமில்லாமல் நுழைப்பது எப்படி என்று தெரியாமல் தவித்தபோது, கடற்கரையில் ஒரு சுருள் சங்குக்குள் புல் இலையைச் செருகிப் பார்த்தார். நுனி வளையும்படியாகவும் அடி கொஞ்சம் விறைப்பாகவும் இருந்தால் உள்ளே போகிறது! 1978 ஆகஸ்ட் 1-ம் தேதி மெல்போர்னில் அவருடைய முதல் நோயாளிக்குப் பல மின்முனைக் கருவி பொருத்தப்பட்டது. 2013-ல் அவருக்கும், வியன்னாவில் இதே காலத்தில் கருவி உருவாக்கிய இங்கபோர்க் ஹாக்மேயருக்கும், ஒலியைக் குறியீடாக்கும் முறையை வகுத்த பிளேக் வில்சனுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்த சிகிச்சை வேரூன்றியதில் சென்னை இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனத்தின் மோகன் காமேஸ்வரனுக்குப் பெரிய பங்கு உண்டு. 2006-ல் பத்மஸ்ரீ பெற்றவர். காக்ளியாவோ செவி நரம்போ இல்லாதவர்களுக்கு மூளைத்தண்டிலேயே பொருத்தும் கருவியையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஆனால் சர்ஜரி எவ்வளவு நன்றாக நடந்தாலும், அது எந்த வயதில் நடக்கிறது என்பதை சர்ஜன் தீர்மானிப்பதில்லை. குழந்தை எப்போது அவரிடம் வந்து சேர்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

அரசு என்ன தருது? எந்த வயசு வரைக்கும்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசமாகச் செய்யப்படுகிறது. மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் 2014-ல் ஒரு கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை உதவி என்று வகுக்கப்பட்டது. அதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 வயது வரை என்று வரம்பு. கூலி வேலை செய்யும் குடும்பத்தின் குழந்தைக்கு இவ்வளவு விலையுள்ள கருவி இலவசமாகக் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. இந்தியாவில் பல மாநிலங்கள் இதைச் செய்வதற்கு முன்பே தமிழ்நாடு செய்தது.

ஆனால் '6 வயது வரை' என்பதை மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடையில் 'மாதக் கடைசி வரை வாங்கலாம்' என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வோமோ, அப்படித்தான். அது தகுதிக்கான உச்சவரம்பு. பரிந்துரைக்கும் வயது அல்ல. அந்த நோட்டீஸிலேயே 'ஒரு வயதுக்குள் வாருங்கள், மூன்று வயதைத் தாண்ட விடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டால் செலவு ஒன்றும் கூடாது.

உலக அளவில் பின்பற்றப்படும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்யும் பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். முதல் ஸ்கிரீனிங் பெரிய விஷயம் இல்லை. டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1978-ல் ஒரு வினோதத்தைக் கண்டுபிடித்தார். ஆரோக்கியமான காது சத்தத்தைக் கேட்பதோடு நிற்காமல், திருப்பி ஒரு மெல்லிய ஒலியையும் வெளியே அனுப்புகிறது! 'ஓ.ஏ.இ.' டெஸ்ட் அதைத்தான் பிடிக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால், நரம்பும் மூளைத்தண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் 'பெரா' டெஸ்ட். ஓ.ஏ.இ.யில் முதல் முறை 'ஃபெயில்' என்று வந்தாலே காது கேட்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் இருக்கும் ஈரமும் அழுக்கும் கூட அப்படிக் காட்டும். இரண்டாவது முறை கட்டாயம் போக வேண்டும், பல குடும்பங்கள் விடுவது இந்த இரண்டாவது தடவையைத்தான்.

கல்வராயன் மலையில் எங்கே சிக்கல்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் பிரதமர் திறந்து வைத்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. ஒரு காலத்தில் எதற்கெடுத்தாலும் முண்டியம்பாக்கம் அல்லது சேலம் என்று ஓடிய மாவட்டத்துக்கு இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் மலைக்கு மேல் நிலைமை வேறு. கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ்தான். சாலை, பஸ், மருத்துவமனை வசதி இல்லாதது குறித்து சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்கும் நிலைமை அங்கே. சாலையே பிரச்சினையாக இருக்கும் இடத்தில் 'மூன்று மாதத்துக்குள் பெரா டெஸ்ட்' என்று சொல்வது காகிதத்தில் எழுதுவதற்குச் சுலபம்.

குழந்தைகள் நலத்துக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-ல் தொடங்கியது. அதில் வேனில் வரும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போக வேண்டும். பிறவிக் காது கேளாமை அந்தப் பட்டியலில் இருக்கிறது. சந்தேகம் வரும் குழந்தையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்குப் போடுங்கள். வேன் வந்த நாளில் குழந்தை அம்மாவோடு வேலைக்காட்டுக்குப் போயிருந்தால் அடுத்த ஆறு மாதம். வேலை தேடிக் குடும்பமே வெளியூர் போயிருந்தால் இன்னும் ஒரு ஆறு மாதம். மூன்றரை வயது என்பது மொத்தமே 42 மாதம். அதில் 12 மாதம் இரண்டு வேன் விசிட்டிலேயே போய்விடும்.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இன்னும் பெரிய சோதனை. கருவியை ஆன் செய்ததும் குழந்தைக்கு 'அம்மா' என்று கேட்காது. ஏதோ ஒரு புது இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலில் இருந்து சொல்லைப் பிரிக்க, கேட்டல்-பேச்சுப் பயிற்சி வாரா வாரம் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேலேயே தேவைப்படும். நடுநடுவே கருவியை ட்யூன் செய்யும் 'மேப்பிங்'. மலையில் இருந்து ஒரு தாய் இதற்காக இறங்கி வர ஒரு நாள் கூலி போகும். பஸ் காசு தனி. கூட இன்னொரு குழந்தை இருந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது? வாரன்ட்டி முடிந்த பிறகு கேபிள், காயில், பேட்டரி, ப்ராசஸர் ரிப்பேர் என்று வரும் செலவு இன்னொரு தலைவலி. கேபிள் அறுந்து கருவி பெட்டிக்குள் கிடக்கும் நாட்களில், மூளையைப் பொறுத்தவரை அந்தக் குழந்தைக்கு மறுபடியும் காது கேட்கவில்லை. சர்மாவின் ஆய்வில் வரும் '6 மாதத்தில் எட்டிப் பிடித்தல்' கருவி தினமும் வேலை செய்தால்தான் நடக்கும்.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணதாலயா?

மலையோ சமவெளியோ, இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பெரும்பாலும் மருமகளைப் பார்த்து. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடப்பதாக தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று. பிறவிக் காது கேளாமைக்குக் காரணமான மரபணு மாற்றங்களில் பல, அப்பா அம்மா இருவரிடம் இருந்தும் வந்தால்தான் வெளிப்படும். கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் ஒரு மாற்றம் இந்தியக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. சொந்தத்தில் மணக்கும்போது இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவ்வளவுதான். அது பாதிப் பங்கு அப்பாவிடம் இருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காரணம் அது மட்டுமில்லை. கர்ப்ப காலத்தில் ருபெல்லா, குறை மாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் காரணம் ஆகலாம். குழந்தைகளின் காது கேளாமையில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது இன்னும் நடக்கிறது. அதை விட்டுவிட்டு டாக்டரிடம் போனாலே பல காதுகள் தப்பிக்கும்.

மரபணு சிகிச்சை வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: 2024-ல் சீனாவில் ஒடோஃபெர்லின் என்ற மரபணுக் குறை உள்ள 6 குழந்தைகளுக்கு அந்த சிகிச்சை தரப்பட்டு 5 பேருக்குக் காது கேட்கத் தொடங்கியது உண்மை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட, அரிதான வகை. அதை நம்பி இன்று பிறந்த குழந்தையைக் காக்க வைக்க முடியாது.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டைத் தட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். குழந்தை உங்கள் கையசைவைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம், அதிர்வை உணர்ந்திருக்கலாம். அதேபோல, காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் 'ங்கா... ஊ...' என்று சத்தம் எழுப்பும். அதை வைத்து "நல்லாத்தான் பேசுது" என்று விட்டுவிடுகிறோம். ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கூடாமல் குறைந்துகொண்டே போனால் உஷாராக வேண்டும். ஆறு மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்பவில்லை, ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்கவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லை என்றால் அடுத்த வேனுக்குக் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ சொல்லுங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையின் இ.என்.டி. பிரிவுக்கு நேரடியாகப் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.

பெரியவங்களுக்கும் இது பொருந்துமா?

சர்மாவின் சமீப கால ஆய்வுகள் பெரியவர்களைப் பற்றியவை. லேசாகக் காது மந்தமான ஆரம்ப கட்டத்திலேயே, கேட்கும் பகுதியில் பார்வை நுழையத் தொடங்குகிறது என்று 2014-ல் ஜூலியா கேம்ப்பெல்லுடன் சேர்ந்து காட்டினார். 2020-ல் ஹனா கிளிக்குடன் செய்த ஆய்வில், சரியாகப் பொருத்திய ஹியரிங் எய்டை ஆறு மாதம் அணிந்தவர்களிடம் அந்த மாற்றம் பின்வாங்கியது, நினைவாற்றல் உள்ளிட்ட சில சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. அது சின்ன ஆய்வு. 2023-ல் அமெரிக்காவில் 70 வயது தாண்டிய 977 பேரிடம் மூன்று வருஷம் நடந்த பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அறிவுத்திறன் இழப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம் மட்டும் ஹியரிங் எய்டு அந்த இழப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. ஆக, 'மிஷின் மாட்டினா மறதி வராது' என்று விளம்பரம் சொன்னால் முழுசா நம்ப வேண்டாம். ரைஸ் மில்லிலும் சர்க்கரை ஆலையிலும் வருஷக்கணக்கில் வேலை பார்த்த அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், டெஸ்டைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

"எங்க குழந்தைக்கு இப்பவே ஏழு வயசு ஆயிடுச்சே?"

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நெஞ்சு படபடக்கும் பெற்றோர் நிச்சயம் இருப்பார்கள். முதலில், பரிசோதனை செய்யாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள். காது கேளாமை முழுமையாக இல்லாமல், ஹியரிங் எய்டிலேயே ஓரளவு கேட்டு வந்த குழந்தை என்றால் கணக்கே வேறு. மூளைக்கு இத்தனை நாள் சத்தம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. பேச்சு வந்த பிறகு நோயால் காது போனவர்களுக்கும் இந்த மூன்றரை வயதுக் கணக்கு பொருந்தாது.

பிறவியிலேயே முழுமையாகக் கேட்காமல் ஏழு வயதைத் தாண்டியிருந்தால், இம்ப்ளான்ட் பொருத்தினாலும் ஹாரன், நாய் குரைப்பு போன்ற சத்தங்கள் தெரியலாம். சரளமாகப் பேச்சைப் புரிந்துகொள்வது கடினம் என்பதை டாக்டர் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடன் வாங்கி ஆபரேஷன் செய்வதற்கு முன் பெற்றோரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு மொழி வேண்டும், உடனே வேண்டும். சைகை மொழி இலக்கணமும் சொல்வளமும் கொண்ட முழுமையான மொழி. இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் 2015-ல் மத்திய அரசு தனி ஆராய்ச்சி, பயிற்சி மையமே தொடங்கியது. செவித்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளிகள், விடுதியோடு கூடியவையும், தமிழ்நாட்டில் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை மூன்றுக்கும் ஒரே நாளில் விவரம் கேட்கலாம். போகும்போது குழந்தையின் ஆதார், ரேஷன் கார்டு, இதுவரை எடுத்த காது பரிசோதனை ரிப்போர்ட், இரண்டு போட்டோ கையோடு எடுத்துப் போங்கள். மலையில் இருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு பேப்பர் விட்டுப்போனால் இன்னொரு நாள் கூலி போய்விடும்.